பொய்க் காயம்

போன மாதம் ஒரு நாள் ஷேர் ஆட்டோவில் என்னுடைய குரலை நானே கேட்டேன். கேம்ப் ரோட்டிலிருந்து தாம்பரம் போய்க்கொண்டிருந்தோம். எதிர் சீட்டில் இரண்டு கல்லூரிப் பெண்கள் ஒரே போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். குளிப்பதற்குப் பயந்து ஒரு நாய்க்குட்டி செத்ததுபோல் தரையில் கிடக்கிறது. அந்தக் காட்சியின் மேல் ஒரு பெண்குரல் அடித்தொண்டையிலிருந்து கத்துகிறது: “நடிக்கிறான்! நம்பாதீங்க மக்களே, நடிக்கிறான்!” இருவரும் குலுங்கிச் சிரித்தார்கள். ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டு, “சாரி ஆன்ட்டி,” என்று சத்தத்தைக் குறைத்தாள். நான் பரவாயில்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். வாயைத் திறக்கவில்லை. பேசினால் கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற பயம் எனக்கு ஏழு வருடங்களாக இருக்கிறது.

அந்தக் குரல் நாய்க்குட்டியைப் பார்த்துக் கத்தியது அல்ல. ஒரு மனிதர் கழுத்து முறிந்து கிடந்தபோது கத்தியது.

மல்யுத்தத்துக்கு வருவதற்கு முன் நான் தாம்பரத்தில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் மைக் பிடித்து நின்றுகொண்டிருந்தேன். அப்பா ரயில்வேயில் கலாசியாக இருந்து ஓய்வு பெற்றவர். சேலையூரில் வாடகை வீடு. எனக்கு இருபத்தாறு வயது. “வாங்க அக்கா, வாங்க அண்ணா, எடுக்க வேணாம், சும்மா உள்ள வந்து பாருங்க” என்று காலையிலிருந்து கடை சாத்தும்வரை கூவ வேண்டும். ஆடித் தள்ளுபடி நேரத்தில் பஸ் ஹாரனையும் பக்கத்துக் கடை ஸ்பீக்கரையும் தாண்டிக் கேட்க வேண்டும். எனக்கு அது பிடித்திருந்தது. வீட்டில் நான் அதிகம் பேசுகிறவள் இல்லை.

ஒரு நாள் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் கடைக்குள் போகாமல் அரை மணி நேரமாக என் எதிரிலேயே நின்றார். நான் செக்யூரிட்டி அண்ணாவைத் தேட ஆரம்பித்தபோது கிட்டே வந்தார்.

“இன்னாமா, இந்தத் தொண்ட உன்னுதா, ஸ்பீக்கரோடதா?”

“என்னோடதுதான் சார்.”

“அரை மணி நேரமா கேட்டுனு கீறேன். ஒரு வாய் தண்ணி குடிக்கல நீ. எங்கிட்ட வந்துடு. இத வுட நல்லா கத்தலாம்.”

அவர்தான் எங்கள் முதலாளி. பீர்க்கன்கரணை ஏரித் தண்ணீரில் நெல் விளைவித்த குடும்பம். வயல்கள் மனைகளான பிறகு அவருடைய அப்பா ஏரிக்கரைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம் கட்டினார். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏ.சி. மண்டபங்கள் வந்ததும் அதில் யாரும் கல்யாணம் செய்வதில்லை. முதலாளி சுற்றுவட்டாரத்தில் கேபிள் டிவி நடத்திக்கொண்டிருந்தார். சிறு வயதில் டிவியில் வெளிநாட்டு மல்யுத்தம் பார்த்துப் பைத்தியமானவர். தமிழில் பேசி, தமிழ் ஆட்கள் மோதும் ஒரு மல்யுத்தக் கம்பெனி நடத்த வேண்டும், அதை டிவியில் காட்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை. “நம்ம ஆளு, நம்ம பாஷ, நம்ம சண்ட” என்று மூச்சுக்கு மூச்சு சொல்வார்.

மண்டபத்தின் நடுவில் இரும்புச் சட்டமும் பிளைவுட்டும் ஸ்பாஞ்சும் வைத்து ரிங் கட்டியிருந்தார்கள். பலகைக்கு அடியில் ஒரு மைக்கை ஒளித்து வைத்திருந்தார்கள். ஆள் விழுந்தால் இடி விழுந்த மாதிரி கேட்கும். பெண்ணும் மாப்பிள்ளையும் உட்காரும் மணமேடையில் என் மேஜை. நல்லவர்கள் மணமகன் அறையில் உடை மாற்றுவார்கள், வில்லன்கள் மணமகள் அறையில். இரண்டு கட்சியும் ஒன்றாக டீ குடிப்பதை வெளியாட்கள் பார்த்துவிடக் கூடாது என்பது முதலாளியின் கட்டளை. எல்லாம் முன்கூட்டியே முடிவானது. யார் ஜெயிக்க வேண்டும் என்று அவர் ஒரு நோட்டில் எழுதி வைத்திருப்பார். எனக்கு மட்டும் அதைக் காட்டமாட்டார். “உனக்குத் தெரிஞ்சா குரல்ல தெரிஞ்சிரும்” என்பார்.

சண்டை போட வந்தவர்கள் ஜிம்மில் பயிற்சி கொடுப்பவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், செக்யூரிட்டி வேலை பார்ப்பவர்கள். எங்களுக்குப் பெரிய ஹீரோ, காக்கி பேன்ட் போட்டுப் போலீஸ் வேஷத்தில் வருபவர். பெரிய வில்லன் ஒரு முகமூடிக்காரர். கறுப்பு முகமூடி, கறுப்பு பேன்ட். ரசிகர்கள் யாரும் அவர் முகத்தைப் பார்த்ததில்லை, ரிங்கில் அவர் வாய் திறந்து பேசியதும் இல்லை. அவருக்கும் சேர்த்து நான்தான் பேசுவேன். துரோகி, கோழை, பின்னாலிருந்து குத்துகிறவன் என்று வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டுவேன்.

நிஜத்தில் அவர் பெருங்களத்தூரில் ஒரு கேஸ் குடோனில் சிலிண்டர் ஏற்றி இறக்குகிறவர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். கூச்ச சுபாவம். பெண்களிடம் பேசும்போது தரையைப் பார்த்துத்தான் பேசுவார். ஒவ்வொரு ஷூட்டிங்குக்கும் முன்னால் என் மேஜைக்கு வந்து நிற்பார்.

“தங்கச்சி, போன வாரம் திட்டு பத்தல. இன்னிக்கு இன்னும் கொஞ்சம் போடு.”

“வேற எப்படிண்ணா திட்டறது? இருக்கறதெல்லாம் திட்டிட்டேன்.”

“எம் பொண்டாட்டிக்கும் பாப்பாவுக்கும் நீ திட்டறதுதான் புடிக்கும். வுழுந்து வுழுந்து சிரிக்குதுங்க.”

ஒருமுறை நான் அவரிடம் கேட்டேன், எல்லாம் பொய்தானே, பிறகு ஏன் வாராவாரம் உடம்பெல்லாம் நீலம் பாரித்துக் கிடக்கிறீர்கள் என்று. அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “ஜெயிக்கறது பொய் தங்கச்சி. வுழறது நெசம்.”

மண்டபத்தில் ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் பொய் கிடையாது. அதைக் கொண்டுவந்தவர் எங்கள் ரெஃப்ரி. ராணுவத்தில் குத்துச்சண்டைப் பயிற்சி கொடுத்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் அவரை மாஸ்டர் என்போம். யாருக்காவது உண்மையாகவே அடிபட்டுவிட்டால் அவர் இரண்டு முன்கைகளையும் தலைக்கு மேல் பெருக்கல் குறி மாதிரி குறுக்கே வைப்பார். அந்த நொடியே ஆட்டத்தை நிறுத்த வேண்டும், மைக்கை அணைக்க வேண்டும், டாக்டர் உள்ளே வர வேண்டும். முதல் நாளே எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார்: “இங்க எது வேணா டிராமாவா இருக்கட்டும். இது மட்டும் நெசம். இத வெச்சு யாரும் வெளையாடக் கூடாது.”

முதல் ஒன்றரை வருடம் எங்கள் நிகழ்ச்சி முதலாளியின் கேபிளில் மட்டும்தான் ஓடியது. தாம்பரம், சேலையூர், பெருங்களத்தூர் தாண்டி யாருக்கும் தெரியாது. பிறகு ஒரு சின்ன சாட்டிலைட் சேனல் ஞாயிற்றுக்கிழமை ஆறு மணியை எங்களுக்குக் கொடுத்தது. மூன்று மாதம் பார்ப்போம், ஆள் சேரவில்லை என்றால் நிறுத்திவிடுவோம் என்றார்கள். இரண்டு மாதமாகியும் ஆள் சேரவில்லை.

அந்தச் சமயத்தில் ஒரு ஷூட்டிங்கில் முகமூடிக்காரர் பிளாஸ்டிக் நாற்காலியால் ஹீரோவின் கழுத்தில் அடித்தார். ஹீரோ சரிந்தவர் எழுந்திருக்கவில்லை. மாஸ்டர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்கே வைத்தார்.

எனக்கு மைக்கை அணைக்க வேண்டும் என்பதே மறந்துவிட்டது. “யாராவது வாங்களேன், அண்ணனுக்கு ஏதோ ஆயிடுச்சு, ஐயோ ஆண்டவரே” என்று மைக்கிலேயே அழுதேன். ஸ்ட்ரெச்சர் வந்து அவரைத் தூக்கிக்கொண்டு போனது. மண்டபத்தில் இருந்த பெண்கள் அழுதார்கள். நான் மணமேடையிலிருந்து குதித்து மணமகன் அறைக்கு ஓடினேன். ஹீரோ அங்கே கட்டிலில் உட்கார்ந்து பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்.

முதலாளி எனக்குப் பின்னாலேயே வந்தார். “சூப்பர்மா. உண்மையா அழுத பாரு, அதான் வேணும்.”

“மொதல்லயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்!”

“சொல்லியிருந்தா அழுதிருப்பியா?”

மாஸ்டர் அறை மூலையில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். ஒரே ஒரு தடவை என்று முதலாளி கெஞ்சியதாகவும், இந்தப் பையன்கள் எல்லோருக்கும் வேலை போய்விடும் என்று சொன்னதாகவும் பிறகு ஒரு நாள் என்னிடம் சொன்னார். “நான் முடியாதுன்னு சொல்லியிருக்கணும்மா” என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒளிபரப்பான பிறகு எல்லாம் மாறிப்போனது. ஹீரோ உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டு சேனலுக்கு ஓயாமல் போன் வந்ததாம். நான் அழுத காட்சி வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகச் சுற்றியது. மண்டபத்துக்கு வெளியே வரிசை நின்றது. குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் கைகளைக் குறுக்கே வைத்து விளையாடினார்கள். நான்கு வாரம் கழித்து ஹீரோ கழுத்துப் பட்டையைக் கழற்றி வீசி, “எல்லாரையும் ஏமாத்திட்டேன்” என்று சிரித்தபடி வந்து முகமூடிக்காரரைப் பின்னாலிருந்து தாக்கினார். கூட்டம் கூரை பறக்கக் கத்தியது.

எனக்குக் கோபம் இருந்தது என்று சொல்ல ஆசைதான். இருந்தது, ஒரு வாரம். பிறகு கேம்ப் ரோட்டில் ஆட்டோக்காரர்கள் என்னிடம் காசு வாங்க மறுத்தார்கள். ஞாயிறு காலை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு, “அந்தக் குரல்ல ஒருவாட்டி பேசிக் காட்டு” என்றார்கள். அம்மா பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். கோபம் எங்கே போனது என்றே தெரியவில்லை. ஆனால் கேலியும் கூடவே வந்தது. நான் ஏமாந்து அழுததுதான் நிகழ்ச்சியின் பெரிய நகைச்சுவை ஆகிவிட்டது. காய்கறிக் கடையில்கூட, “இன்னாக்கா, இந்த வாரமும் அழுவியா?” என்று கேட்பார்கள். இனி ஏமாறவே கூடாது என்று நினைத்துக்கொண்டேன். மைக்கிலும் அப்படியே சொல்ல ஆரம்பித்தேன்: “இந்த அக்கா இனிமே ஏமாற மாட்டா!” அது என்னுடைய வசனமாகவே ஆகிவிட்டது.

அடுத்த வருடம் முதலாளி ஒரு பெரிய காரியத்தில் இறங்கினார். தாம்பரத்தில் ஒரு மைதானத்தில் ஞாயிறு சாயங்காலம் நேரலை ஆட்டம். வெட்டி ஒட்டுவதற்கு வழியில்லை, நடப்பது நடந்தபடியே வீடுகளுக்குப் போகும். அன்று மதியம் ஒரு மழை பெய்து விட்டது. பையன்கள் துண்டுகளால் ரிங்கைத் துடைத்தார்கள். நாற்காலிகள் நிறைந்து, மதில்மேலும் ஆட்கள்.

ஆட்டத்துக்கு முன் முதலாளி என்னிடம் வந்து, “கடைசில ஒரு விசயம் கீது. இப்ப சொல்ல மாட்டேன். பாத்துக்கோ” என்றார். முகமூடிக்காரரும் வழக்கம்போல வந்து நின்றார். ஆனால் அன்று திட்டச் சொல்லிக் கேட்கவில்லை. “தங்கச்சி, எங்க தெருவே இன்னிக்கு எங்க வூட்ல உக்காந்துனு பாக்குது” என்றார். அவர் சிரித்தது முகமூடி வழியாகக் கண்ணில் தெரிந்தது.

கடைசி ஆட்டத்தில் அவர் மேல் கயிற்றில் ஏறி நின்றார். அங்கிருந்து ஹீரோமீது பாய வேண்டும். எத்தனையோ முறை செய்ததுதான். கயிறு ஈரமாக இருந்ததா, கால் பிசகியதா, தெரியாது. அவர் கால் கிளம்பியபோதே உடம்பு கோணலாகத் திரும்பிவிட்டது. தலை முதலில் விழுந்தது. பலகைக்கு அடியில் இருந்த மைக்கில் வழக்கமான இடி கேட்டது.

அவர் அசையவில்லை. மாஸ்டர் மண்டியிட்டுக் குனிந்தார். நிமிர்ந்து கைகளைத் தலைக்கு மேல் குறுக்கே வைத்தார்.

இதுதான் முதலாளி சொன்ன விஷயம் என்று நான் நினைத்தேன். ஒரு நொடிகூட வேறு மாதிரி நினைக்கவில்லை. மறுபடியும் என்னை அழ வைக்கப் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். மேடையில் என் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று கத்தினேன். “நடிக்கிறான்! நம்பாதீங்க மக்களே, நடிக்கிறான்! போன தடவை ஏமாந்தோம், இந்தத் தடவை ஏமாற மாட்டோம்!” கூட்டம் ஆர்ப்பரித்தது. “எழுந்திருடா! பத்து எண்றதுக்குள்ள எழுந்திருப்பான் பாருங்க. எல்லாரும் எண்ணுங்க! ஒண்ணு... ரெண்டு...”

மைதானம் முழுக்க எண்ணியது. மாஸ்டர் கைகளை இறக்கவே இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். பத்து வந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. கூட்டம் சிரித்தது. நான் பதினொன்று என்றேன்.

இருபத்து மூன்று வரை எண்ணினோம். அப்போது மாஸ்டர் ரிங்கிலிருந்து இறங்கி ஓடிவந்து என் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினார். அணைத்துவிட்டு என் காதருகே சொன்னார்: “அவனுக்குக் கை கால் வேல செய்யலம்மா.”

டாக்டர் கத்தரிக்கோலால் முகமூடியை வெட்டினார். கேமராக்காரர் படம் பிடித்துக்கொண்டே இருந்தார். அவரிடமும் யாரும் எதுவும் சொல்லவில்லை. இரண்டரை வருடமாக யாரும் பார்க்காத முகம் அப்போதுதான் எல்லா வீடுகளிலும் தெரிந்தது. முதலாளி நோட்டில் எழுதி வைத்திருந்த விஷயமும் அதுதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆட்டத்தின் முடிவில் அவர் தானே முகமூடியைக் கழற்றிவிட்டு, அன்று முதல் நல்லவராக மாற வேண்டும் என்று திட்டம். அதற்காகத்தான் தெருவையே வீட்டுக்கு அழைத்திருக்கிறார்.

அடுத்த ஞாயிறு சேனலில் பழைய படம் ஓடியது. விளம்பரம் கொடுத்தவர்கள் விலகிக்கொண்டார்கள். போலீஸ் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு விசாரித்தது. என்னை ஒரு மணி நேரம் கேட்டார்கள். எதற்காக எண்ணச் சொன்னீர்கள் என்று ஒரு பெண் இன்ஸ்பெக்டர் திரும்பத் திரும்பக் கேட்டார். முதலாளிமேல் வழக்கு நடந்தது. பையன்கள் ஜிம்முக்கும் குடோனுக்கும் திரும்பிப் போனார்கள். ரிங்கைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். மண்டபம் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. மாஸ்டர் சொந்த ஊருக்குப் போய்விட்டார். அன்று மைக்கைப் பிடுங்கியபோது பேசியதற்குப் பிறகு அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் போன் செய்யவில்லை.

சிறுசேரியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் ஊழியர்களுக்குக் கார் அனுப்பும் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். போனில்தான் வேலை. டிரைவர்கள், “மேடம், கொஞ்சம் சத்தமா பேசுங்க, ஒண்ணும் கேக்கல” என்பார்கள். என்னால் முடியாது. குரல் உயர ஆரம்பிக்கும்போதே எண்ணிக்கை கேட்கும். பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் எண்ணினால் கேட்கும். கோயிலில் எல்லோரும் சேர்ந்து ஜெபம் சொல்லும்போது, ஆயிரம் பேர் ஒரே குரலில் பதினேழு, பதினெட்டு என்று சொல்வதுபோல இருக்கும். கோயிலுக்குப் போவதையும் குறைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் அவரைப் போய்ப் பார்க்கவில்லை. வீட்டுக்கும் போகவில்லை. நான்கு வருடம் போகவில்லை. பீர்க்கன்கரணை வழியாகப் போகிற பஸ் வந்தால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பேன்.

ஒரு சனிக்கிழமை தாம்பரம் மார்க்கெட்டில் சங்கரா மீன் என்ன விலை என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்றிருந்த பெண் சட்டென்று திரும்பினாள்.

“அக்கா, நீங்கதான?”

முகமூடிக்காரரின் மனைவி. மண்டபத்துக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வரும்போது பார்த்திருக்கிறேன். இளைத்திருந்தாள். நான் ஓடிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள், கோபமான பிடியில்லை.

“அவரு உங்கள கேட்டுனே கீறாரு. ஏங்க்கா வரல நீங்க? நாளைக்கு வாங்க.”

மறுநாள் காலை போனேன். சின்ன வீடு, ஏரிக்கரைத் தெருவில். கதவு திறந்திருந்தது. கட்டிலில் அவர் சாய்த்து வைக்கப்பட்டிருந்தார். கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. அந்தப் பெரிய தோள்கள் துணி மடித்து வைத்ததுபோல ஒடுங்கியிருந்தன. கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒருவர் அவருக்குச் சோப்பு நுரை தடவிச் சவரம் செய்துகொண்டிருந்தார். திரும்பியபோதுதான் தெரிந்தது, முதலாளி.

ஒவ்வொரு ஞாயிறும் வருவாராம். முதல் வருடம் அவர் வந்தால் முகமூடிக்காரரின் மனைவி கதவைத் திறக்கமாட்டாளாம். வாசலிலேயே நின்றுவிட்டுப் போவாராம். ஊரில் பெரிய குடும்பம். அவருடைய சொந்தக்காரர்கள் இதைக் கேவலம் என்று பேசி, அவரோடு போக்குவரத்தை நிறுத்திக்கொண்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அன்று அவர் என்னைப் பார்த்து, “வாம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கன்னத்தைத் தொடர்ந்து மழித்தார். கை நடுங்காமல் செய்தார்.

நான் கட்டில் காலடியில் நின்று அழ ஆரம்பித்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் கோர்த்து வைத்திருந்த வாக்கியங்கள் எதுவும் வரவில்லை.

“அழாத தங்கச்சி,” என்றார் அவர். குரல் மெலிந்திருந்தது, ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு தேட வேண்டியிருந்தது. “அன்னிக்கு மல்லாந்து கெடந்தேனா... கையி எங்க கீதுன்னே தெரில. கண்ணு முன்னால வானம் மட்டும் தெரியுது. உன் சத்தம் கேட்டுச்சு. நீ கத்துற, ஜனம் எண்ணுது. ஆட்டம் நல்லா போவுதுன்னு நெனச்சேன். பயமே வரல.”

அவர் என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்த நாளைப் பற்றி நான் கேட்டவற்றில் இதைவிடப் பயங்கரமானது எதுவும் இல்லை.

அடுப்படியில் டீ போட்டுக்கொண்டே அவர் மனைவி மெதுவாகச் சொன்னாள்: “நீங்க மட்டும் இல்லக்கா. நானும்தான் எண்ணுனேன். பாப்பாவும் நானும், தெருவுல எல்லாரும். கை தட்டி கை தட்டி எண்ணுனோம்.” டம்ளரை என் கையில் கொடுத்தாள். “இத நான் அவர்கிட்ட சொன்னதில்ல.”

அதன் பிறகு மாதம் ஒருமுறை போனேன். இரண்டாவதோ மூன்றாவதோ தடவை, மனைவி கடைக்குப் போயிருந்தபோது அவர் என்னிடம் கேட்டார். அந்த ஆட்டத்தை அவர் பார்த்ததே இல்லையாம். வீட்டில் காட்டமாட்டார்களாம்.

“நீ சொல்லு தங்கச்சி. நான் மேல ஏறி நின்னேன்ல, எப்படி இருந்துச்சு?”

சொன்னேன். கத்தாமல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற குரலில். மழை விட்ட வானம் எப்படி இருந்தது, அவர் கயிற்றில் ஏறி நின்றபோது எவ்வளவு உயரமாகத் தெரிந்தார், குழந்தைகள் எப்படி அப்பாக்களின் தோளில் ஏறிப் பார்த்தார்கள். விழுந்த இடம் வந்ததும் நிறுத்திவிட்டேன்.

“அப்புறம்?” என்றார்.

அதையும் சொன்னேன். எண்ணியதையும் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு போகும்போதெல்லாம் கேட்பார். முதலில் நடந்ததை நடந்தபடிதான் சொன்னேன். ஆனால் ஒரே கதையை ஒருவருக்குத் திரும்பத் திரும்பச் சொல்லும்போது, எந்த இடத்தில் அவர் முகம் மலர்கிறது என்று தெரிந்துவிடுகிறது. ஒரு நாள், அவர் கயிற்றில் நின்றதும் மைதானமே எழுந்து நின்று கைதட்டியது என்று சொன்னேன். உண்மையில் யாரும் எழுந்து நிற்கவில்லை. அவர் வில்லன், ஊளைதான் இட்டார்கள். அவர் கண்ணைத் திறந்து, “எல்லாருமா?” என்றார். எல்லோரும்தான் என்றேன். அடுத்த மாதம் அவரே அந்த இடத்தை எடுத்துக் கொடுத்தார்: “எல்லாரும் எழுந்து நின்னாங்கல்ல, அத சொல்லு.” முதலாளி அன்று அங்கே இருந்தார். துண்டால் கத்தியைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். அதன் பிறகு என்னால் அதைத் திரும்ப எடுக்க முடியவில்லை.

போன வருடம் மார்கழியில் நெஞ்சில் சளி கட்டி அவர் இறந்துபோனார். ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். நான் போய்ச் சேர்வதற்குள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். வாசலில் ஷாமியானா போட்டிருந்தார்கள். முதலாளி செருப்பில்லாமல் தெருமுனையில் நின்று வருகிறவர்களுக்கு வழி காட்டிக்கொண்டிருந்தார். பழைய ஆட்களில் நான்கைந்து பேர் வந்திருந்தார்கள். தூக்கிச் சென்றவர்களில் ஹீரோவும் ஒருவர்.

எடுத்துப் போன பிறகு நான் உள்ளே அவர் மனைவியோடு உட்கார்ந்திருந்தேன். மகள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆட்டம் நடந்தபோது ஏழு வயது. இப்போது பாவாடை தாவணி போட்ட பெரிய பெண். முகம் அழுது வீங்கியிருந்தது. அவளும் அன்று எண்ணினாள் என்பது அவளுக்கு நினைவிருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை.

“அத்த,” என்றாள். “அப்பா கயித்து மேல நின்னப்போ கிரவுண்ட்ல எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டுனாங்களாமே. அப்பா சொல்லிச்சு. டிவில அது காட்டவே இல்லையே?”

அவள் அம்மா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

“கேமரா ரிங்கத்தான காட்டும்மா,” என்றேன். “நான் மேடையில இருந்தேன். எனக்கு எல்லாம் தெரிஞ்சுது.”

“எல்லாருமா அத்த?”

“எல்லாரும்தான்.”

அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். அவள் அம்மா எழுந்து, கட்டிலில் கிடந்த போர்வையை உதறி மடிக்க ஆரம்பித்தாள்.